ரசமட்டம் சரியாகத்தான் காட்டியது

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆய்வக உதவியாளர்களுக்குப் போன மாதம் தருமபுரியில் ஒருநாள் பயிற்சி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர் யாரையாவது பிடித்து வந்து பேசச் சொல்வது வழக்கம். இந்த முறை அது என் தலையில் விழுந்தது. லென்ஸை எந்தத் துணியால் துடைப்பது, பாதரசம் சிந்தினால் என்ன செய்வது என்று நாற்பது நிமிடம் பேசினேன். பாதிப் பேர் கைப்பேசியில் இருந்தார்கள். கடைசியில் ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டதும், பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து, "உங்க சர்வீஸ்லயே நீங்க பண்ணின பெரிய தப்பு எதுங்க சார்?" என்றாள். எல்லாக் கைப்பேசியும் கீழே இறங்கியது.

"ஒரு பலகையை நூலளவுகூடப் பிசகில்லாம செஞ்சதுதாம்மா" என்றேன். சிரித்தார்கள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அந்தப் பெண் விடவில்லை. மறுநாளிலிருந்து வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு கேள்விக்குறி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் தொல்லை தாங்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் மாதையன். ஊர் கம்பைநல்லூர். மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வக உதவியாளனாக இருந்தேன். அதற்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு மரக்கடையில் கதவு, ஜன்னல், கட்டில் செய்துகொண்டிருந்தவன். கல்லூரிக்கு பெஞ்சு செய்து கொடுக்கப் போன இடத்தில், உடைந்து கிடந்த ஊசல் தாங்கி ஒன்றைச் சும்மா இருக்கமாட்டாமல் சரிசெய்து கொடுத்தேன். இங்கேயே இருந்துவிடு என்றார்கள். தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானேன். முதல் மூன்று வருடத்தில் நான் உடைத்த கண்ணாடிப் பொருட்களைப் பற்றி இங்கே எழுத உத்தேசமில்லை.

மரக்கடையிலிருந்து நான் கையோடு கொண்டுவந்த ஒரே பொருள் என் ரசமட்டம். கொத்தனாரும் தச்சரும் வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழ் ஓடும் கட்டை, அதுதான். ஆய்வகத்தில் அதற்கு நல்ல மரியாதை இருந்தது. எங்களிடம் பன்னிரண்டு ஸ்பெக்ட்ரோமீட்டர்கள். ஒளியைப் பிரித்து அளக்கிற கருவி. அது நிற்கும் தளம் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் மாணவன் எடுக்கிற அளவு கோணல்தான். காலையில் கதவைத் திறந்ததும் என் முதல் வேலை அவற்றைச் சமப்படுத்துவது. கருவியின் தட்டுக்குக் கீழே மூன்று திருகுகள் இருக்கும். ரசமட்டத்தை இரண்டு திருகுகளுக்கு நேராக வைத்து, அந்த இரண்டையும் எதிரெதிராகத் திருப்ப வேண்டும். குமிழ் நடுவுக்கு வரும். பிறகு ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து மூன்றாவது திருகை மட்டும் தொட வேண்டும். அதுவும் நடுவுக்கு வந்தபின், போதும் என்று போய்விடக் கூடாது. பழைய இடத்தில் வைத்துப் பார்த்தால் குமிழ் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் சுற்றில்தான் அடங்கும். பன்னிரண்டுக்கும் இப்படி. முப்பது வருடம் இதைச் செய்தவனுக்கு, குமிழ் நடுவில் இல்லாத எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். கல்யாண வீட்டில் போட்டோ சாய்ந்து தொங்கினால் சாப்பாடு இறங்காது.

எங்கள் துறைத் தலைவர் வசந்தா மேடம். திட்டியே நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைக்க வைக்கிற ஆள். ஏதாவது தப்பு நடந்தால், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை பாக்கலாமா?" என்பார். அவ்வளவுதான். வேலை சொல்வதெல்லாம் பழைய கிராப் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதித் தருவார். கீழே அன்றைய தேதியும் நேரமும் இருக்கும்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நேரத்தைப் பற்றி யாரும் சாதாரணமாக ஒரு வார்த்தை பேசிவிட முடியாது. ஒரு நாள், ஆபீஸ் கடிகாரமும் நம்ம லேப் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகிறது என்று சொல்லிவிட்டேன். எப்படித் தெரியும் என்றார். அங்கே பார்த்துவிட்டு இங்கே வந்து பார்த்தேன் என்றேன். நடந்து வந்த நேரம் எங்கே போச்சு என்றார். என் கைக்கடிகாரத்தில் பார்த்துக் கழித்தேன் என்றேன். நடக்கும்போது உங்கள் கைக்கடிகாரம் மாறவில்லை என்று எப்படித் தெரியும் என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மாறும் மாதையன். உங்க நடைக்கு அது கண்டுபிடிக்கிற அளவுக்கு இருக்காது, அவ்வளவுதான்" என்றார். அன்று முழுக்க நான் மெதுவாகத்தான் நடந்தேன்.

இனி அந்தப் பலகைக்கு வருகிறேன். அதற்கு முன் என் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

என் ஒரே மகள் பூங்கொடி அப்போது எங்கள் கல்லூரியிலேயே பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். நன்றாகப் படிப்பாள். மேலே எம்.எஸ்சி. படிக்க ஆசை. எங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. கிடையாது. படிக்க வேண்டுமானால் சேலம் போய் விடுதியில் தங்க வேண்டும். அதற்கு என் மனைவி கோவிந்தம்மா ஒப்பவில்லை. பெண்ணைப் படிக்க வைக்கக் கூடாது என்று நினைக்கிறவள் இல்லை அவள். அவளுடைய பயம் வேறு. பூங்கொடிக்கு வாய் திறந்து பேச வராது. எட்டாவது படிக்கும்போது பாப்பிரெட்டிப்பட்டி அத்தை வீட்டிலிருந்து தனியாக பஸ் ஏறினாள். கம்பைநல்லூர் வந்ததும் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஊரைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கி, அழுதுகொண்டு நின்றாள். அன்றிலிருந்து கோவிந்தம்மாவுக்கு ஒரே பேச்சு. "என்ன கேட்டாலும் தலைய ஆட்டற புள்ளைய அசலூர்ல வுட்டுட்டு நான் எப்படிங்க தூங்குவேன்?" என்பாள்.

பூங்கொடியை ஒரு நல்ல இடத்தில் கேட்டும் இருந்தார்கள். சொட்டுநீர்ப் பாசனக் கடை வைத்திருக்கிற குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்திரைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இந்த நேரத்தில்தான் வசந்தா மேடம் எங்கள் கல்லூரிக்கே எம்.எஸ்சி. கேட்டு விண்ணப்பம் போட்டார். மூன்று பேர் கொண்ட குழு வந்து ஆய்வகத்தையும் மாணவர்களையும் பார்த்துவிட்டுப் போகும். அவர்கள் சரி என்றால் பாடப்பிரிவு வரும். வந்தால் பூங்கொடி வீட்டிலிருந்தே படிக்கலாம். வராவிட்டால் கல்யாணம். இவ்வளவுதான் கணக்கு. எனக்கும் உள்ளூர நிம்மதியாக இருந்தது. கோவிந்தம்மாவோடு சண்டை போடத் துணிச்சல் இல்லாத எனக்கு, சண்டை போடாமலே பெண்ணைப் படிக்க வைக்க ஒரு வழி கிடைத்தது. ஆய்வகத்தின் ஒவ்வொரு மேசைக்கும் நானே வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்கினேன்.

குழுவுக்குக் காட்ட, வழக்கமான கருவிகளைத் தவிர எங்களுடையதாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று மேடம் நினைத்தார். சார்பியல் பாடத்துக்கு ஒரு பலகை செய்யலாம் என்றார். என்னை உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

ஒரே சாலையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு பஸ் நிற்கிறது. முன் பஸ்ஸில் ஒரு கடிகாரம், பின் பஸ்ஸில் ஒரு கடிகாரம். நிற்கும்போதே இரண்டையும் ஒரே நேரத்துக்கு வைத்தாகிவிட்டது. இரண்டு பஸ்ஸும் ஒரே நொடியில் கிளம்பி, ஒரே மாதிரி வேகம் கூடி, பிறகு ஒரே வேகத்தில் போகின்றன. சாதாரண வேகமில்லை, ஒளியோடு போட்டி போடுகிற வேகம். எங்கள் கம்பைநல்லூர் பஸ் நாற்பதைத் தாண்டினாலே ஜன்னல் கழன்று வரும் என்றேன். "கற்பனைக்கு டீசல் வேண்டாம்" என்றார் மேடம்.

சாலையோரம் டீக்கடையில் நிற்கிறவருக்கு என்ன தெரியும்? இரண்டு கடிகாரமும் மெதுவாக ஓடும். ஆனால் இரண்டும் ஒரே அளவுக்கு மெதுவாக ஓடும். எந்த நேரத்தில் பார்த்தாலும் முன்னதும் பின்னதும் ஒரே எண்ணைக் காட்டும். இதில் வம்பில்லை. வம்பு பஸ்ஸுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான். வேகம் கூடிய பிறகு அவர்கள் தங்கள் கணக்குப்படி சரிபார்த்தால், முன் பஸ் கடிகாரம் முந்திப் போயிருக்கும். யாரும் திருப்பி வைக்கவில்லை, எதுவும் பழுதாகவில்லை. வேகம் ஏறியதே காரணம். 'இப்போது' என்று டீக்கடைக்காரர் சொல்வதும் பஸ்ஸில் இருப்பவர் சொல்வதும் ஒன்றில்லை. இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே இறுக்கிக் கயிறு கட்டியிருந்தால் அது அறுந்தும் போகும் என்றார். அதற்குமேல் கேட்கவில்லை, எனக்குத் தலை சுற்றியது.

இதைப் பலகையில் காட்ட வேண்டும். கீழிருந்து மேலே போகப் போக நேரம் கூடும். இடமிருந்து வலம் சாலையின் தூரம். இரண்டு நூல்கள் கீழே நேராகக் கிளம்பி, வேகம் ஏறும்போது வலப்பக்கம் வளைந்து, பிறகு சாய்ந்த கோடாக மேலே போகும். இடது நூல் பின் பஸ், வலது நூல் முன் பஸ். நூல்களில் எண் எழுதிய மணிகள், கடிகாரம் காட்டும் நேரத்துக்காக. வேகம் ஏற ஏற ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே உயரம் கூட வேண்டும். அந்த உயரங்களை மேடமே கணக்குப் போட்டு மில்லிமீட்டரில் எழுதித் தந்தார். கடைசியாக, குறுக்கே ஒரு மரச்சட்டம். 'இப்போது' என்பதைக் காட்டுவது அதுதான். படத்தில் இடது நூலின் ஒவ்வொரு மணிக்குப் பக்கத்திலும் ஒரு துளை போட்டிருந்தார். சட்டத்தின் இடது முனையை அதில் ஓர் ஆணியால் மாட்ட வேண்டும். வலது முனைக்கு எதுவுமே இல்லை.

இங்கேதான் எனக்குள் இருந்த தச்சன் எழுந்துகொண்டான். நான்கு நாள் அதே வேலை. நூல், மணி, வளைவு எல்லாம் படத்தில் இருந்தபடியே வந்தன. சட்டத்தை ஒற்றை ஆணியில் மாட்டினேன். அது லொடலொடவென்று ஆடியது, வலது முனை தொங்கியது. வெளியூரிலிருந்து வருகிற பெரிய மனிதர்களுக்கு இதையா காட்டுவது? மேடத்துக்கு இயற்பியல் தெரியும், மரம் தெரியாது, வலது பக்கத்துக்குப் பிடிமானம் வரைய மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. பலகையின் இரண்டு ஓரத்திலும் தேக்கில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்த கட்டைகளை வைத்து, சட்டம் அந்தக் காடிகளில் ஜன்னல் கதவு போல மேலும் கீழும் வழுக்கிப் போகும்படி செய்தேன். ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்து அடியிலிருந்து உச்சி வரை நகர்த்திப் பார்த்தேன். குமிழ் நடுவைவிட்டு அசையவில்லை. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். திருகுத் தலைகள் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று அவற்றைப் பட்டி வைத்து மூடி, மேலே இரண்டு கை பெயிண்டும் அடித்தேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் மேடம் வந்து பார்த்தார். நூல்களையும் மணிகளையும் அளவுகோல் வைத்துச் சரிபார்த்தார். சட்டத்தைத் தொடப் போனார். "பெயிண்ட் காயலைங்க மேடம், கை ஒட்டிக்கும்" என்றேன். ஓரக் கட்டைகளை வெறும் அலங்காரம் என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்று போய்விட்டார்.

குழு காலை பத்தரைக்கு வந்தது. மூவரில் ஒருவர்தான் இயற்பியல். ஒல்லியானவர். வெள்ளை அரைக்கைச் சட்டையின் பையில் நான்கு பேனா வைத்திருந்தார். ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றில் கண் வைத்துப் பார்த்து, தானாகத் தலையாட்டிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பலகைக்கு வந்தார்கள். கூடவே எங்கள் கல்லூரி முதல்வரும் ஆசிரியர்களும் வந்தார்கள். விளக்கிச் சொல்ல மேடம் நிறுத்தியிருந்தது பூங்கொடியை. கரும்பலகையில் படம் போட்டு இருவரும் ஒத்திகை பார்த்திருந்தார்கள். பலகையை அவள் அப்போதுதான் முதல் தடவையாகத் தொடுகிறாள். நான் பின்னால் கதவோரம் நின்றிருந்தேன்.

மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். இரண்டு பஸ் நிற்பதைச் சொன்னாள். சட்டத்தை முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நகர்த்தி, இரு பக்கமும் எண் ஒன்றாக இருப்பதைக் காட்டினாள். பிறகு வேகம் ஏறுவதைச் சொல்லி, சட்டத்தை ஏழாம் மணிக்குக் கொண்டுபோனாள். "இது ரோட்டுல நிக்கறவங்களுக்குங்க. இனிமே பஸ்ல இருக்கறவங்களுக்கு" என்று சொல்லி வலது முனையைத் தூக்கினாள்.

அது எழும்பவில்லை. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். என் காடி அவ்வளவு லேசில் விடுமா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒற்றை ஆணியும், தொங்குகிற வலது முனையும், மேடம் மறந்து வரையாமல் விட்டவை அல்ல. பலகையின் உயிரே அந்தச் சட்டம் சாய்வதில்தான் இருந்தது. அதை நான் பெயிண்ட் அடித்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஒல்லியானவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, ரெண்டும் ஒரே சமயத்துல கிளம்பியிருக்கு, ஒரே மாதிரி போயிருக்கு, அதனால ரெண்டு கடிகாரமும் ஒத்துப்போகுது, பலகையும் அதைத்தான் காட்டுது, அப்படித்தானேம்மா என்று கேட்டார். சோதிக்கத்தான் கேட்டாரோ, நிஜமாகவே அப்படி நினைத்தாரோ, இன்று வரை எனக்குத் தெரியாது. எங்கள் முதல்வர் அவசரமாகத் தலையாட்டினார். பூங்கொடியும் ஆட்டிவிட்டால் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். என் வேலைத்தப்பு வெளியே வராது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஆட்டிவிடு கண்ணு என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். வாழ்க்கையில் இத்தனை நாள் தலையாட்டியவள், இந்த ஒரு தடவையும் ஆட்டிவிட்டால் என்ன?

அவள் ஆட்டவில்லை.

"இல்லைங்கய்யா" என்றாள். "ரோட்டுல நிக்கறவங்களுக்கு மட்டுந்தான் அது சரிங்க. பஸ்ல இருக்கறவங்களுக்கு இந்தச் சட்டம் சாயணும். நூல் எவ்வளவு சாய்ஞ்சிருக்குதோ அவ்வளவு இது எழும்பணும். எழும்ப மாட்டேங்குது. பலகை தப்பா செஞ்சிருக்குதுங்க."

முதல்வருக்கு இருமல் வந்தது. ஒல்லியானவர், யார் செய்தது என்று கேட்டார். பூங்கொடி ஒரு கணம் தரையைப் பார்த்தாள்.

"எங்கப்பாங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ள அந்தக் கதவோரத்தில் ஒரு இடமும் இல்லை. வசந்தா மேடம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். சாக்பீஸ் கேட்கிற குரலில், "மாதையன், வலது பக்கக் கட்டையை எடுத்துடலாமா?" என்றார்.

உளியும் சுத்தியலும் எடுத்து வந்தேன். திருகுத் தலைகள் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு அழகாக மூடியிருந்தேன். நிதானமாகக் கழற்ற நேரமில்லை. தேக்குக் கட்டையின் அடியில் உளியை வைத்து ஓங்கி அடித்தேன். நானே செய்ததை நானே உடைக்கிறேன், அதுவும் கல்லூரி முதல்வர் முன்னால். இரண்டாம் அடியில் உளி வழுக்கி மேசையில் கோடு போட்டது. மூன்றாம் அடியில் கட்டை பெயர்ந்தது. சட்டத்தை வெளியே எடுத்து, இடது முனையை ஏழாம் மணிக்குப் பக்கத்தில் வைத்து, ஒற்றை ஆணியை அடித்தேன். அடித்துவிட்டு மகளின் முகத்தைப் பார்க்காமல் விலகி நின்றேன்.

பூங்கொடி வலது முனையை நூலின் சாய்வுக்குத் தக்கபடி தூக்கினாள். சட்டம் இடது நூலில் ஏழையும் வலது நூலில் ஒன்பதையும் தொட்டு நின்றது. "பின் பஸ்ல ஏழுன்னா, முன் பஸ்ல ஒம்பதுங்க" என்றாள். குரல் இப்போது கதவு வரைக்கும் கேட்டது.

ஒல்லியானவர் குனிந்து பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, படத்தில் இல்லாத கட்டையை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார்.

"சாய்ஞ்சு தொங்கினா, வேலை தெரியாதவன் செஞ்சதுன்னு நீங்க நினைச்சுக்குவீங்கன்னுதானுங்க" என்றேன்.

முதலில் சிரித்தது அவர்தான். ரோட்டில் நிற்கிறவருக்கு நீங்கள் செய்ததும் சரிதான், அவருடைய சட்டம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி என் தோளைத் தட்டினார். குழு டீ குடிக்கப் போனது. மேடம் கடைசியாக வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்றார். இன்றைக்குத் திட்டிவிடுவார் என்று ஆசையோடு காத்திருந்தேன். "அடுத்த தடவை, கேட்டுட்டு இதே மாதிரி நல்லாச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை பஸ்ஸில் நானும் பூங்கொடியும் சேர்ந்தே வந்தோம். என் பையில் ரசமட்டம் இருந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று அதை எடுத்து, முன் சீட்டுப் பக்கம் ஒரு முனை இருக்கும்படி மடியில் வைத்தேன். ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போது குமிழ் நடுவுக்குப் பக்கத்தில் இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். குமிழ் விறுவிறுவென்று டிரைவர் பக்கம் ஓடியது. வேகம் நிலையானதும் திரும்பி நடுவுக்கு வந்தது. ரசமட்டம் கெட்டுப்போச்சு என்றேன்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இல்லைப்பா, அது சரியாத்தான் காட்டுது என்றாள். குமிழ் எப்போதும் மேடான பக்கம்தானே போகும், வேகம் ஏறும்போது உள்ளே இருக்கிற நமக்கு பஸ்ஸின் முன்பக்கம் மேடாகிவிடுகிறது, அதனால்தான் நம் முதுகு சீட்டில் சாய்கிறது என்றாள். மேட்டில் இருக்கும் கடிகாரம் பள்ளத்தில் இருப்பதைவிட வேகமாக ஓடும், அதனால் முன்னால் இருப்பது முந்துகிறது என்று பஸ்ஸுக்குள் இருக்கிறவர்கள் கணக்குச் சொல்லலாமாம். நான் அடித்த ஆணிக்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது.

"அப்ப வேகம் நின்னா குமிழ் திரும்பிடுதே, கடிகாரமும் திரும்பிடுமா?" என்று கேட்டேன்.

"குமிழ் திரும்பிடும்ப்பா. கடிகாரம் முந்தினது முந்தினதுதான். பிரேக் போட்டு நிறுத்துனா மட்டும் பின்னாடி இருக்கறது முந்தும், ரெண்டும் சரியாயிடும்" என்றாள். பிறகு, "அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டேன். கோவமாப்பா?" என்று கேட்டாள்.

கோபமா? சீட்டிலிருந்து எழுந்து பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி இவள் என் மகள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் எனக்கும் வாய் திறந்து பேச வராது. அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? "இல்ல கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் கோவிந்தம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். என் மடத்தனத்தால் எம்.எஸ்சி. வராமல் போகலாம் என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். அடுப்படி வாசலில் நின்று நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். காடியில் ஆரம்பித்து உளி வரைக்கும் சொன்னேன். அவளுக்குக் காடியும் வேண்டியிருக்கவில்லை, உளியும் வேண்டியிருக்கவில்லை. துடுப்பை நிறுத்திவிட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இவளா சொன்னா?"

ஆமாம் என்றேன்.

"பெரிய ஆளுங்க எத்தனை பேரு இருந்தாங்க?"

பத்துப் பதினைந்து பேர் இருக்கும் என்றேன்.

"உங்களை வெச்சுக்கிட்டே, அப்பா செஞ்சது தப்புன்னு சொன்னாளா?"

சொன்னாள் என்றேன். கோவிந்தம்மா களியை மறுபடி கிண்ட ஆரம்பித்தாள். உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப சேலத்துக்கே அனுப்பிடுங்க. இங்க காலேஜுல வரும் வராதுன்னு அவ எதுக்கு காத்துக் கெடக்கணும்?"

இத்தனை நாளும் கோவிந்தம்மாதான் தடை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நகர்ந்துகொண்ட பிறகுதான், அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றது நான்தான் என்பது தெரிந்தது. பெண் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குத்தான். "வூட்டுல யாரும் இல்லாத மாதிரி ஆயிடுமே" என்றேன். "நான் இருக்கேன்ல?" என்றாள் கோவிந்தம்மா. பாசனக் கடைக்காரர்களுக்கு அவளே ஆள் விட்டு, பெண் படிக்கப் போகிறாள் என்று சொல்லி அனுப்பினாள். அவர்கள் காத்திருக்கவில்லை. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

பூங்கொடி சேலத்தில் விண்ணப்பம் போட்டாள், இடமும் கிடைத்தது. அவள் பெட்டியோடு கிளம்பிய அடுத்த வாரத்தில் எங்கள் கல்லூரிக்கு எம்.எஸ்சி. அனுமதி வந்தது. வசந்தா மேடம் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, பூங்கொடிக்கு இங்கே ஒரு இடம் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அன்று முழு நாளும் எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன், என் மனசு வேண்டும் வேண்டும் என்றது. சாயங்காலம் போய், அவள் அங்கேயே இருக்கட்டும் மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். குழுவுக்காக நான் பளபளப்பாக்கிய மேசைகளெல்லாம் அடுத்த வீட்டுப் பெண்களுக்காக என்று ஆயின.

சேர்க்கை நாளில் கூட்டம். கடத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் மகளோடு வந்திருந்தார். வேட்டி, சட்டை, கையில் மஞ்சள் பை. பெண் படிவத்தைப் பூர்த்தி செய்து வைத்திருந்தாள். அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட மனசு வராமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்றார். ஒரு பெண், அவளும் எம்.எஸ்சி. இயற்பியல்தான் சேர்ந்திருக்கிறாள் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. இங்கேதானே என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லைங்க, சேலத்துல" என்றேன்.

"நீங்க வேலை செய்யற எடத்துல உங்க பொண்ணையே சேர்க்கலை. அப்ப இங்க படிப்பு சரியில்லைங்களா?" என்றார்.

"இங்க படிச்சதாலதாங்க அவ அங்க போனா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வராந்தாவில் நின்றிருந்த தன் மகளைப் பார்த்தார். அந்தப் பெண் தலை குனிந்து, படிவத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் பேனா இருக்கிறதா என்று கேட்டார்.